நாய்க்குப் பங்கு எவ்வளவு?

வா தம்பி, உக்காரு. நாயையும் உக்கார வை. அங்க இல்ல, நிழல்ல.

நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு சொல்லிக்கினு திரிஞ்சவங்க நாங்க. இப்ப அதுக்கும் வேலை வந்துடுச்சு போல. கழுத்துல மஞ்சத் துணி, துணியில இங்கிலீசு எழுத்து, பக்கத்துல தொங்குற அட்டை, அட்டையில போட்டோ. பாகூர்ல ஆயுசு முழுக்க உழுதவன் நான். ஒருத்தனும் எனக்கு அட்டை மாட்டல.

ஞாயித்துக்கிழமையானா முதியோர் இல்லத்துக்கு இதைக் கூட்டினு போறியாமே? 'தெரபி டாக்'காம். நக்கல் பண்றேன்னு நினைக்காத. நல்ல காரியம்தான். பேச ஆளில்லாம சுவத்தைப் பாத்துக்கினு கிடக்குற கிழவன் கையில ஒரு ஈர மூக்கு வந்து உரசினா அவனுக்கு எப்படி இருக்கும்னு எனக்கா பாடம் எடுக்கணும்? நானே கிழவன்தானே?

இது புதுசும் இல்ல. நியூயார்க்குல போரிஸ் லெவின்சன்னு ஒரு மனநல வைத்தியர். யாருகிட்டயும் ஒட்டாத ஒரு புள்ள அவரு வீட்டு நாயி ஜிங்கிள்ஸ்கிட்ட ஒட்டிக்கிச்சு. அதைப் போயி 1960-கள்ல படிச்சவங்க சபையில சொன்னாரு. சபை சிரிச்சுது. "அப்ப உங்க ஃபீஸ்ல நாய்க்கு எவ்வளவு பங்கு?"ன்னு கேட்டாங்களாம். அப்புறம் 1991-ல ஹாங்காங்ல ஜில் ராபின்சன்னு ஒரு அம்மா தன்னோட மேக்ஸ் நாயை வச்சு 'டாக்டர் டாக்'னு ஆரம்பிச்சாங்க. அது நம்ம மெட்ராசுக்கும் வந்துச்சு. புளூ கிராஸ்காரங்க நடத்தினாங்க.

எல்லாம் சரி. லெவின்சன்கிட்ட கேலிக்குக் கேட்ட கேள்வி இருக்கே, எனக்கு அது ரொம்ப நியாயமான கேள்வியா படுது. உனக்குப் பேரு வருது, போட்டோ வருது, காலேஜுல சர்டிபிகேட்டும் வருது. இல்லத்துக்குப் பேப்பர்ல சேதி வருது. தாத்தா பாட்டிக்கு ரவ்வுண்டு சந்தோசம் வருது. நாய்க்கு இன்னாடா வருது? ரெண்டு பிஸ்கட்டா?

அதுக்கு வாயில்ல. பேச வேண்டியவன் நீ. அமெரிக்காவுல பெட் பார்ட்னர்ஸ்னு ஒரு அமைப்பு, 1977-ல ஆரம்பிச்சது. நாய்க்குப் பரிஞ்சு பேசுறதுதான் கயிறு புடிச்சவனோட முதல் வேலைன்னு அவங்க பாடமே வச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு கட்டும் போட்டிருக்காங்க. அது உச்சவரம்புடா. ரெண்டு மணி நேரத்தையும் கறந்தே ஆவணும்னு அர்த்தமில்ல. முக்கால் மணியில அது முகத்தைத் திருப்பிச்சுன்னா முக்கால் மணிதான்.

முகத்தைத் திருப்புறது உனக்குத் தெரியுதா முதல்ல? போன வாரம் நீ காட்டின போட்டோவுல அது வாயைப் பொளந்துக்கினு இருந்துச்சு. "பாருங்க தாத்தா, சிரிக்குது"ன்ன. கொட்டாவிடா அது. தூக்கம் வந்தா மட்டுந்தான் கொட்டாவின்னு உனக்கு எவன் சொன்னான்? மனசு நெருக்குண்டாலும் நாய் கொட்டாவி விடும். எதுவும் திங்காமலே மூக்கை நக்கிக்கும். தலையை அந்தப் பக்கம் திருப்பும். நீங்க வெக்கப்படுதுன்னு சொல்லி இன்னொரு படம் எடுப்பீங்க. கண்ணோரம் வெள்ளை தெரியும். காது பின்னாடி போவும். முன்னங்கால் ஒண்ணைத் தூக்கிக்கினு நிக்கும். நனையாமலே உடம்பை உதறும். இவ்வளவையும் சொல்லிப் பாத்துட்டு, கேக்க நாதியில்லன்னு தெரிஞ்சப்புறம்தான் உறுமும். அப்ப நீங்க இன்னா சொல்லுவீங்க? "திடீர்னு கோவம் வந்துடுச்சு." திடீர்னா?

உறுமினதுக்கு அதட்டாத, அதையும் கேட்டுக்கோ. உறுமினா அடி விழும்னு கத்துக்கின நாயி அடுத்த தடவை உறுமாது. நேரா கடிக்கும்.

வால் ஆட்டுதே தாத்தாம்ப. நாய் வாலை நிமித்தப் பாத்தவன் கதை நம்ம ஊருக் கதை. அதை அளந்தே பாத்துட்டான் இத்தாலிக்காரன். 2007-ல 30 நாயைப் பொட்டியில விட்டு, எசமானைக் காட்டினா வால் வலப்பக்கம் தூக்கலா ஆடுது, முரட்டு அன்னிய நாயைக் காட்டினா இடப்பக்கம் தூக்கலா ஆடுதுன்னு கண்டுபுடிச்சிருக்கான். ஆடுற வாலெல்லாம் சந்தோச வால் இல்லடா கண்ணு. அரசியல் கூட்டத்துல கைத்தட்டுறவன் எல்லாம் ஓட்டுப் போடுறானா?

எங்க தெருவுல ஒரு சொல்தா இருந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்கினவரு. நாயி பேரு மெதோர். மீசைக்கும் குரலுக்கும் தெருவே நடுங்கும். அவரு வீட்டு வாசல்ல ரெண்டே சட்டம்: மெதோர் திங்கும்போது தொடாதே, தூங்கும்போது எழுப்பாதே. கவர்னர் வீட்டுப் புள்ள வந்தாலும் அதே சட்டந்தான்னுவாரு. எங்களுக்கெல்லாம் அந்த நாயின்னா உசிரு. ஒருத்தனையும் அது கடிச்சதில்ல. ஏன் கடிக்கப் போவுது?

உன் நாய்க்கு அந்த மாதிரி ஒரு சட்டமாவது வச்சிருக்கியா? எங்க? விழான்னு ஒண்ணு வச்சிடுறானுங்க. மைக் செட் அலறுது. முக்கியப் பிரமுகர் ஒரு மணி நேரம் லேட்டு. வந்தவரு தாத்தாவுக்கு ஒரு சால்வை, பாட்டிக்கு ஒரு சால்வை, கையில மிச்சம் இருக்கேன்னு நாய்க்கும் ஒரு சால்வை. சித்திரை வெயில்ல! அப்புறம் பத்துப் பேரு சுத்தி நின்னு, ஒருத்தரு கழுத்தை வளைச்சுக் கட்டிப்புடிச்சு, செல்ஃபி. நாய்க்குக் கட்டிப்புடிக்கிறது புடிக்கும்னு யாருய்யா சொன்னது? ஓட வழியில்லாம புடிச்சு வச்சிருக்கான்னுதான் அதுக்குத் தோணும்.

வெயில்னதும் ஞாபகம் வந்துடுச்சு. உன்னுது கோல்டன் ரெட்ரீவர். ஸ்காட்லாந்துக் குளிருல வளத்தெடுத்த சாதி. மேல கம்பளிய போத்திக்கினு புதுச்சேரிப் புழுக்கத்துல நிக்குது. நமக்கு மாதிரி உடம்பு பூரா வேக்காது அதுக்கு. பாதத்துல கொஞ்சூண்டு, மத்ததெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டு எரைச்சுத்தான் ஆத்தணும். பதினோரு மணிக்கு அதை நேரு வீதியில நடத்திக் கூட்டினு போறியே, புறங்கையைத் தார் ரோட்டுல வச்சுப் பாத்தியா? நம்ம தெருநாயி இந்த வெயிலுக்கே பொறந்தது. குணமா வளந்த தெருநாயிங்க எத்தனையோ கெடக்கு. அதுக்கெல்லாம் எவனும் மஞ்சத் துணி கட்ட மாட்டான். கலரு கம்மி பாரு.

வாயில்லாத சீவன்கிட்ட ஆறுதல் வாங்குற விசயம் நம்ம ஊருக்குத் தெரியாதா இன்னா? மணக்குள விநாயகர் கோயில் வாசல்ல யானை லட்சுமி நின்னுச்சே. அது தும்பிக்கையைத் தலையில வைக்காத ஆளு ஊருல உண்டா? வெளியூர்க்காரன், வெள்ளைக்காரன், கைக்கொழந்தை, கல்யாண ஜோடி, எல்லாத் தலைக்கும் ஆசீர்வாதம். எனக்கு, எனக்குன்னு வரிசை. அதுக்குக் கால் வலிக்குமான்னு வரிசையில எத்தனை பேரு கேட்டிருப்பாங்க? 2020-ல கொஞ்ச நாள் ஓய்வுக்குன்னு குரும்பாபேட் வேளாண் நிலையத்துக்கு அனுப்பினப்ப, எப்ப திரும்பி வரும்னுதான் ஊரு கேட்டுச்சு. 2022 நவம்பர் 30 காலையில நடக்கப் போன எடத்துல விழுந்து செத்துப்போச்சு. அன்னைக்கு ஊரே தெருவுல நின்னு அழுதுச்சு, பூ போட்டுச்சு. பாசம் இல்லன்னு யாராச்சும் சொல்ல முடியுமா? பாசத்துக்குக் கொறைச்சலே இல்ல. கேக்கத்தான் ஆளில்ல.

நீ கேளு. போறதுக்கு முன்னாடியே இல்லத்துல பேசிடு. இத்தனை பேரு, இவ்வளவு நேரம், மைக் கெடையாது, தண்ணிக் கிண்ணம் வேணும், நடுவுல ஒதுங்க ஒரு மூலை வேணும்னு சொல்லு. வெறிநாய்த் தடுப்பூசிக் காகிதத்தைக் கையில வச்சுக்கோ, நகத்தை வெட்டு. கெழவங்க தோலு காகிதம், கீறினா ஆறாது. நாயைக் கண்டா பயப்படுற பாட்டி இருப்பாங்க, தொட்டா குளிக்கணும்கிற பாட்டியும் இருப்பாங்க. அவங்ககிட்ட இழுத்துக்கினு போயி "ஒண்ணும் பண்ணாது, தடவுங்க"ன்னு நிக்காத. பாட்டிக்கும் புடிக்கல, நாய்க்கும் புடிக்கல, உனக்கு மட்டும் வீடியோ.

காலையில கெளம்பும்போது கயிறைக் காட்டு. குதிச்சு வந்தா கூட்டினு போ. கட்டிலுக்கு அடியில போயி படுத்துக்கிச்சா? அன்னைக்கு லீவு. "வர்றேன்னு சொல்லிட்டேனே தாத்தா"ம்ப. நீதானே சொன்ன? நீ மட்டும் போ. உக்காந்து பேசிட்டு வா. உன் மூக்கு ஈரமா இல்லன்னு எந்தத் தாத்தாவும் வெரட்ட மாட்டாரு.

எங்க, வாயில வருதான்னு பாப்போம். நான்தான் அந்த இல்லத்து மேனேஜரு. "தம்பி, இன்னும் ஒரே ஒரு வார்டு, பிரமுகரு வேற வந்துக்கினே இருக்காரு." நீ இன்னா சொல்லுவ?

"அது... இல்ல சார்... கொஞ்சம் டயர்டா..."

இன்னாடா இழுக்குற? "நாய் களைச்சுப் போச்சு சார், நாங்க கெளம்புறோம்." இவ்வளவுதான். சொல்லு. சத்தமா. அஜந்தா சிக்னல்ல ஹெல்மெட் இல்லாம போலீஸ்காரன்கிட்ட மாட்டினா அவனுக்கே சட்டம் சொல்லித் தருவியே, அந்தத் தொண்டையை எடு.