குமிழ் பிடித்த கையும் பாட்டுப் பிடித்த காதும்

இசை ரசனை என்பது ஒருவரது உள்ளத்தின் ஆழத்திலிருந்து தானாக ஊற்றெடுப்பது என்று ரசிகர்கள் சொல்லிக்கொள்வது மரபு. ஆயினும் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் வானொலி கேட்டு வளர்ந்த ஒருவரது ரசனையை அடுக்கடுக்காக உரித்துப் பார்த்தால், அவருக்கே உரியது என்று எஞ்சுவது வெங்காயத்தின் உள்ளே எஞ்சுவதைவிட அதிகமாக இராது. அவர் விரும்பும் ஒவ்வொரு பாட்டின் பின்னாலும் இன்னொருவரின் கை தெரியும். அந்தக் கை வானொலிப் பெட்டியின் குமிழைப் பிடித்திருக்கும். குமிழ் என்பது நிலையத்தை மாற்றுவதற்காகப் பெட்டியின் முகப்பில் பொருத்தப்பட்ட உருண்டையான திருகி ஆகும். அதைத் தொடும் உரிமை வீட்டில் ஒருவருக்கே இருந்தது என்பதும், அந்த ஒருவருக்குப் பாட்டில் நாட்டமே இருந்ததில்லை என்பதும் இவ்விடயத்தை ஆராய்வோர் முதலில் மனங்கொள்ள வேண்டியவை.

வற்புறுத்தலிலிருந்து இசை பிறந்தமைக்குத் திருகோணமலையில் புராணச் சான்றே உண்டு. கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் பாறைப் பிளவை இராவணன் வெட்டு என்று ஊரார் காட்டுவர்; அதே இராவணன் கயிலையைப் பெயர்க்கப் போய் அதன் கீழ் நசுங்கியபோது, தன் தலையொன்றையும் நரம்புகளையும் கொண்டு வீணை செய்து, சாமகானம் இசைத்து இறைவனை இளகவைத்தான் என்பது கதை. மலையின் கீழ் அகப்பட்டவன் பாடி மீண்டான். குமிழ்க்காரரின் முன்னே அகப்பட்ட பிற்காலத்தவரோ கேட்டுத்தான் மீளவேண்டியிருந்தது. பத்துத் தலை படைத்தவனுக்கு ஒன்றை இசைக்காக இழக்கும் வசதி இருந்தது. இவர்களுக்கு இருந்தது ஒரே தலை, அதுவும் பெரும்பாலும் வலித்துக்கொண்டிருந்தது.

இவர்களது ரசனையை உருவாக்கியோர் வரிசையில் முதலில் வைக்கத்தக்கவர், தமிழ்ப் பாட்டைப்பற்றிச் சிறிதும் கவலைப்பட்டிராத மவுண்ட்பேட்டன் பிரபு ஆவார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய திருகோணமலை, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. பின்னர் அவரது தலைமையில் இயங்கிய தென்கிழக்காசியக் கட்டளையகம், களத்தில் நின்ற படைவீரரை மகிழ்விப்பதற்காகக் கொழும்பிலிருந்து தனி வானொலி ஒன்றை நடத்தியதோடு, ஏக்கலையில் 100 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பியையும் நிறுவியது. சிற்றலை என்பது வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் சென்று சேரும் வானொலி அலை. ஒலிபரப்பி வாய்திறந்த 1946இல் போர் முடிந்து, மகிழ்விக்கப்பட வேண்டிய வீரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தனர். 1949இல் அது இலங்கை அரசிடம் கைமாறி, அந்நிலையம் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்றது. சாம்ராச்சியத்தைக் காக்க வந்த இயந்திரம், இவ்வாறு ரி. எம். சௌந்தரராஜனின் குரலைச் சுமக்கும் தொண்டில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாயிற்று.

இரண்டாமவர் பி. வி. கேஸ்கர். 1952இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராகிய இவர், திரைப்பாடல் மக்களின் செவியைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்குரிய இடத்தைச் சுருக்கிச் சாஸ்திரிய இசையை வாரி வழங்கினார். பாட்டுக்கு ஏங்கிய நேயர்கள் கடல் கடந்து இலங்கை வானொலியை நாடினர். நேயர்களைத் தொடர்ந்து விளம்பரதாரர்களும் வந்தனர். 1950இல் தொடங்கப்பட்டிருந்த அதன் வர்த்தக சேவை செழித்தது. இந்தியா விழித்துக்கொண்டு 1957இல் விவித பாரதி என்னும் திரைப்பாடல் சேவையைத் தொடங்குவதற்குள் காரியம் கைமிஞ்சிவிட்டது. பிள்ளை இனிப்புத் தின்னக்கூடாதென்று அலுமாரியைப் பூட்டிய தாய், திறப்பைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவைத்ததற்கு ஒப்பான இச்செயலால், திரைப்பாடலை ஒடுக்க முயன்றவரே அதன் பெரும் புரவலர்களுள் ஒருவரானார்.

மூன்றாமவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவர் அப்பப்பா, அதாவது தந்தையின் தந்தை. அவர் பெட்டியை வாங்கியது செய்திக்காகவும் மரண அறிவித்தலுக்காகவுமே. மரண அறிவித்தல் என்பது, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர் காலமானார் என்று தொடங்கி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், இறுதிக்கிரியை நடைபெறும் நேரம் என விரிந்து செல்லும் வானொலி அறிவிப்பு. காலமானவரைத் தெரியாவிட்டாலும், அவருடைய மைத்துனரின் ஊரைப் பிடித்துக்கொண்டு உறவுமுறையைக் கண்டுபிடித்துவிடும் ஆற்றல் அப்பப்பாவுக்கு இருந்தது. அறிவித்தல் முடிந்ததும் நிலையத்தார் ஒரு காதல் பாட்டைப் போடுவர். சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து பெட்டியை அணைக்க அவருக்கு எடுக்கும் நேரமே அவ்வீட்டின் இசைக் கல்விக்கு ஒதுக்கப்பட்ட நேரம். சாதாரண நாளில் அது ஒரு பல்லவிக்குப் போதுமானது. மாரி காலத்தில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் அனுபல்லவியும், வாதம் கடுமையானால் சரணமும் கிடைக்கும். அவ்வீட்டுப் பிள்ளைகள் அப்பப்பாவின் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டார்களா, அதற்கு எதிராக வேண்டிக்கொண்டார்களா என்பதைக் கோணேசரே அறிவார்.

அப்பப்பா கோயிலுக்குப் போன வேளைகளில் ஆட்சி அம்மாவிடம் வந்தது. காலையில் பொங்கும் பூம்புனல், பின்னேரங்களில் நேயர் விருப்பம் என்று அவர் வகுத்த பாடத்திட்டத்தில் ஆசிரியர்களாக அமைந்தோர் மயில்வாகனன், இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்கள். நேயர் விருப்பம் என்பது, தபாலட்டையில் பாட்டைக் கேட்டு எழுதுவோரின் பெயர்களை ஊரோடு வாசித்து, அப்பாட்டை ஒலிபரப்பும் நிகழ்ச்சி. ஒரே பாட்டைக் குடும்பத்தோடும் அயலாரோடும் கேட்டு எழுதும் வழக்கம் பரவியதால், பாட்டைவிடப் பெயர்ப்பட்டியல் நீண்டுபோவதும் உண்டு. ஆயினும் நேயர்கள் சலித்ததில்லை. மரண அறிவித்தலுக்கு முன்பே தம் பெயரை வானொலியில் கேட்டுவிடுவதற்கு வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

அடுத்த கை சித்தப்பாவுடையது. 1970களில் பொப்பிசை என்னும் புதிய வகை இலங்கைத் தமிழரிடையே பரவியது; கிற்றார், பொங்கோ முதலிய கருவிகளோடு, போர்த்துக்கேயர் வழிவந்த துள்ளல் தாளமான பைலாவையும் கலந்து பாடப்பட்ட மெல்லிசை அது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரது பாட்டுகளைச் சித்தப்பா ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டபோது, தமிழிசை அழிந்தது என்று அப்பப்பா தீர்ப்புக் கூறினார். பரமேஸ், கோணேஸ் என்னும் சகோதரர்களின் பாட்டு வந்தபோதும் அதே தீர்ப்பு வாசிக்கப்படவிருந்தது. அவர்கள் திருகோணமலைப் பிள்ளைகள் என்று சித்தப்பா இடைமறித்ததும், வழக்கின் போக்கு மாறிற்று. அவர்கள் ஆருடைய பிள்ளைகள், எந்தத் தெரு, தாயின் ஊர் எது என்ற விசாரணை தொடங்கி, அது முடிவதற்குள் பாட்டு முழுவதும் ஒலித்து ஓய்ந்தது. அப்பப்பா வீட்டில் இருக்க, மாரி காலம் அல்லாத வேளையில் முழுதாகக் கேட்கப்பட்ட பாட்டு அதுவேயாகும். 1976இல் அன்னக்கிளி படத்தோடு இளையராஜா வந்தபோது, தமிழிசை அழிந்தது என்று கூறும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார்; அப்பதவி ஒரு குடும்பத்தில் வெற்றிடமாக இருப்பதில்லை.

பிறர் கைபடாத ரசனையே கிடையாதா என்று கேட்போருக்கு விடையாகக் காட்டத்தக்கவர், இதே ஊரில் 1920களில் இந்துக் கல்லூரியை நடத்திய சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகிப் பின் துறவு பூண்ட இவர், வழக்கொழிந்துபோன யாழ் என்னும் பண்டை நரம்புக் கருவியின்மேல் பற்றுக்கொண்டு, சிலப்பதிகாரத்தையும் கணிதத்தையும் துணையாக வைத்து அதன் சுருதிகளை ஆண்டுக்கணக்காகக் கணக்கிட்டார். அதன் பயனான யாழ் நூல் 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். உயிரோடிருந்த எவரும் கேட்டிராத கருவியை ஒருவர் விரும்பும்போது, குமிழைத் திருப்ப அப்பப்பாவாலும் முடியாது, அமைச்சராலும் முடியாது. தன் காதைத் தானே ஆள விரும்புவோர் முதலில் உலகத்தையும் பின்னர் சில நூற்றாண்டுகளையும் துறக்கவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அவ்வளவு துறவுக்கு அஞ்சிய லிங்கநகர் ரசிகர், இன்று தாமே அப்பப்பாவாகிக் கைத்தொலைபேசியும் காதுக்குள் செருகும் கருவியுமாகச் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். எந்தப் பாட்டையும் எந்நேரமும் கேட்கலாம், தடுக்க ஆளில்லை, முழங்கால் வலி இப்போது அவருடையதே. ஆனால் பல்லவி முடிந்ததும் விரல் தானாகவே நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடுகிறது. தற்செயலாகச் சரணம் வந்துவிட்டால், மழை பெய்கிறதோ என்று அவர் முற்றத்தை எட்டிப் பார்க்கிறார்.