மனை நோக்குப் படலம்

கட்டிய வீட்டைப் பார்ப்பதற்கு இலக்கணம் வேண்டியதில்லை. சுவர், கதவு, கசிவு என்று அங்கே கண்ணுக்குரிய பொருள்கள் பல உள. வெற்று மனையிலோ நான்கு மூலையில் நான்கு கற்களும் இடையே தரையும் மட்டுமே உண்டு. ஆயினும் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று மனை பார்த்து முடிக்க அரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அவ்வரை மணியில் பார்க்கப்படுவது யாது என்பதே இங்கு ஆய்பொருள்.

முன்னோர் மனையை நோக்கவில்லை, தோண்டினர். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இரு சோதனைகள் வகுத்தார். ஒரு முழக் குழி எடுத்து, எடுத்த மண்ணாலேயே அதனை மூட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சமமானால் மத்திமம், குறைந்தால் அதமம். குழியில் நீர் நிரப்பி, நூறு காலடி நடந்து திரும்பும்போது நீர் குறையாதிருப்பின் நன்று. இவை இன்று வழக்கொழிந்தன. 1200 சதுர அடி மனையிலிருந்து நூறு காலடி நடப்பவர் பிறர் மனைகள் பலவற்றைக் கடந்துவிடுவார் என்பது ஒரு காரணம். மண்வெட்டியோடு வருபவரை விற்பவர் விரும்புவதில்லை என்பது மற்றொன்று.

குழியின் இடத்தைச் செருப்பு பெற்றது. வலக்காற் செருப்பின் நுனியால் மண்ணை இருமுறை கீறி, கீறிய இடத்தைக் குனியாமல் நோக்குவது இதன் செய்முறை. முடிவு மூவகைப்படும்: ‘நல்ல மண்ணு’, ‘பரவால்ல’, ‘ரெண்டு லோடு கொட்டி மேடாக்கிக்கலாம்’. மூன்றும் ‘வாங்கலாம்’ என்றே பொருள்படுவதால் இவற்றிடையே வேறுபாடில்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. முதலதைக் குடும்பத் தலைவர் மொழிவார். இரண்டாவதை அவர் மைத்துனர் மொழிவார். மூன்றாவதைப் புரோக்கர் மொழிவார். கருத்து ஒன்றாயினும் கால்கள் வேறு.

அடுத்தது திசை. மனைக்கு இயல்பாக முகம் கிடையாது. சாலை போட்ட பக்கமே முகம். ஆகவே ஒரே சாலையின் இருமருங்கிலும் ஒரே மண்ணும் ஒரே நிலத்தடி நீரும் உடைய இரு மனைகளுள் ஒன்று வடக்கு பார்த்ததாகவும் மற்றது தெற்கு பார்த்ததாகவும் அமைகிறது. முன்னது விரைந்து விற்கும். பின்னது விலை குறைந்து காத்திருக்கும். இவ்வேறுபாட்டை உறுதி செய்யும் பொறுப்பு, கைப்பேசியில் திசைகாட்டி வைத்திருக்கும் மைத்துனருடையது. அவர் மனையின் நடுவில் நின்று மெல்லச் சுழல்வார். சுழற்சி முடியும்வரை விலை பேசுவதில்லை என்பது மரபு.

தெருக்குத்து தனி நூலுக்குரியது. மனைக்கு நேர் எதிரே வந்து முட்டும் தெரு, வடகிழக்கு ஓரமாக முட்டினால் நன்மை என்றும், தென்மேற்கில் முட்டினால் தீமை என்றும் வாஸ்து கூறும். தீய குத்துக்கு மாற்றாக மதிலில் பிள்ளையார் அமர்த்தப்படுகிறார். பிரேக் பிடிக்காத லாரியைப் பொறுத்தவரை வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் பலன் வேறுபடுமா என்பது இதுவரை ஆராயப்படவில்லை.

பரப்புக்கு அளவைகள் திட்டமானவை: 435.6 சதுர அடி ஒரு சென்ட். 2400 சதுர அடி ஒரு கிரவுண்ட். தொலைவுக்கு மட்டும் நிமிடமே அலகு. ‘ரயில்வே ஸ்டேஷன் பத்து நிமிஷம்’ என்பது வாய்ப்பாடு. எந்த ஊர்தியில், எந்த நேரத்தில் என்பவை வாய்ப்பாட்டில் இடம்பெறா. ‘வரவிருக்கும்’ பேருந்து நிலையத்துக்கான நிமிடம் இவற்றினும் குறுகியது. நிலையம் இல்லாமையால் அதனை மறுத்தற்கும் இயலாது.

நிறைவாகப் படமெடுத்தல். படத்தின் கீழ்ப்பாதி தரை, மேற்பாதி வானம். குடும்ப வாட்ஸப் குழுவில் இதனைக் கண்ட துபாய்த் தமையனார் ‘நல்லா இருக்கு’ என்று எழுதுவார். தரையைக் கருதினாரா வானத்தைக் கருதினாரா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு.

காலத்தைப் பொறுத்தவரை, ஆடியும் மார்கழியும் ஆகா. ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் சாத்திரத் தடை ஏதுமில்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழையில் செருப்பு சேற்றில் புதைவதால் ஆய்வு நடத்த இயலாது. எனவே பிள்ளைகளின் கோடை விடுமுறையே ஏற்றதெனக் கொள்ளப்பட்டது. அப்பருவத்தில் ஏரியில் அமைந்தவை உட்பட எல்லா மனைகளும் ஒரே தரமாக உலர்ந்திருக்கும். ஏரியில் மனை அமைதல் புதிதுமன்று. 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரி தூர்க்கப்பட்டே தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் உள்ளது. அங்கிருந்து ஏரி தெரிவதில்லை.

ஆவணங்களைப் பார்த்தலும் இப்படலத்தில் அடங்கும். காரில் ஏறியபின் அது நிகழும். பட்டாவில் பெயர் நோக்கப்படும். தாய்ப்பத்திரம் ஜெராக்ஸாக நோக்கப்படும். வில்லங்கச் சான்றில் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம் ஆகியவை ஆண்டுவாரியாக வரும். 2015 டிசம்பர் வெள்ளம் அதில் வராது; அது பத்திரப்பதிவு செய்யப்பட்டதன்று.