சென்னை–மதுரை விமான நேரம்: மூன்று கட்சிகளும் ஒரு தீர்ப்பும்

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்னும் வினாவுக்கு அறிஞரிடையே ஒருமித்த விடை இல்லை. இக்கருத்து வேறுபாட்டால் பல வீடுகளில் சோறு ஆறிப்போகிறது. ஆகவே இவ்வாய்வு இன்றியமையாததாகிறது.

முதலாவது, கோளக் கட்சி. பூமி உருண்டையின் மேல் இரு விமான நிலையங்களையும் ஆகக் குறுகிய கோட்டால் இணைத்தால் சுமார் 420 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும்; அரை மணி போதும் என்பர் இக்கட்சியார். விமானம் ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதை இவர்கள் மறந்தனர். இத்தனை குறுகிய தடத்தில் ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். விசிறி சுழலும் ஏடிஆர் ரகமாயின் வேகமே 500 கி.மீ.தான். இக்கட்சி மறுக்கப்பட்டது.

இரண்டாவது, அட்டவணைக் கட்சி. டிக்கெட்டில் உள்ள ஒன்றேகால் மணியே நேரம் என்பது இதன் கொள்கை. அது பறக்கும் நேரம் அன்று. சென்னையில் விமானம் நகரும் கணம் தொட்டு, மதுரையில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணம் வரை ஆகும் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்து நிற்பதும் இதில் அடங்கும். அடங்காதது ஒன்று: விமானம் நின்றதும் அனைவரும் எழுந்து, மேல்தட்டு தலையில் இடிக்காதபடி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் நேரம். கதவு திறந்தபாடில்லை, உட்காருவாரும் இல்லை.

மூன்றாவது, மாமா கட்சி. மதுரைச் செல்லூர் வீட்டு வாசலில் இக்கொள்கை இவ்வாறு மொழியப்படும்: "என்ன மாப்ள, காலையிலயே கிளம்பிட்டேன்னியே! பிளேன்ல வந்துமா இம்புட்டு நேரம்?"

இதைச் சோதிப்போம். சென்னைப் பெரம்பூர்வாசி ஒருவர் மீனம்பாக்கம் விமான நிலையம் சேர ஒன்றரை மணி. 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள் என்ற பயத்தால் அங்கே ஒன்றரை மணி. அட்டவணைப்படி ஒன்றேகால். எல்லாப் பெட்டியும் கறுப்பு, எல்லாக் கைப்பிடியிலும் அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் என்பதால், தம்முடையதைக் கண்டெடுக்க அரை மணி. செல்லூருக்கு முக்கால். ஆக ஐந்தரை மணி. 420-ஐ வகுத்தால் மணிக்கு 76 கி.மீ. நான்குவழிச் சாலையில் ஆம்னி பஸ் ஓட்டுநர் பாட்டுக் கேட்டபடியே சாதிக்கும் வேகம் இது. எழும்பூரில் புறப்படும் வந்தே பாரத்தோ ஆறு மணி நேரத்துக்குள் ஊர் நடுவிலேயே இறக்கிவிடுகிறது.

ஒப்பாய்வாக ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளையும் நோக்குக. வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கி.மீ.; 1967 முதல் விமானம் ஓடுகிறது; அட்டவணைப்படி 2 நிமிடம். அங்கும் விமானத்துக்கு முன்னதாகவே போய் நிற்கத்தான் வேண்டும். எனவே தடம் குறுகக் குறுக மாமாவின் வாதம் வலுக்கிறது என்பது விதி.

முடிவுரை: விமானம் மீனம்பாக்கத்தை மதுரை விமான நிலையம் உள்ள பெருங்குடிக்கு அருகில் கொண்டுவருகிறது, பெரம்பூரைச் செல்லூருக்கு அருகில் கொண்டுவருவதில்லை. ஓடுபாதையில் எவரும் குடியிருக்கவில்லை ஆதலால் மாமா கட்சியே வென்றது.

பரிந்துரை: விமானத்தில் செல்வோர், 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸில் வருவதாகவே வீட்டில் சொல்லிவைக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்த பெருமை கிட்டும். சோறும் சூடாக இருக்கும்.