வெள்ளிமலையில் கியூபிட் வைப்போர் கவனத்துக்கு

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, மருத்துவக் கல்லூரியும் வந்தது. குவாண்டம் கணினி மட்டும்தான் பாக்கி. தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023-ல் ஒதுக்கிய 6,003 கோடியே 65 லட்சம் ரூபாயில் நம் பங்கு வரும்வரை பொறுக்க முடியாமல், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் நீங்களே ஒன்று வைக்கப் போகிறீர்களா? சில யோசனைகள்.

கரும்பு டிராக்டர் சத்தம் கேட்காத இடம் என்று பெருமைப்பட வேண்டாம். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட்டுக்குக் காது கிடையாது. காந்தப்புலத்தில் சின்ன ஆட்டம், சிப்பில் ஒட்டிய குறைபாடு, துளி வெப்பம் போதும், அதன் கட்டம் (phase) கலைந்துவிடும். இந்த இரைச்சலை முழுக்க அடக்க முடியாது. ஆனால் ஏமாற்றலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சாலையில் பத்துப் பேரை ஒன்றாக நடக்கவிடுங்கள். ஆளுக்கொரு வேகம், அரை மணியில் கூட்டம் சிதறிவிடும். அப்போது விசில் அடித்து "எல்லாரும் திரும்புங்க" என்று சொல்லுங்கள். அடுத்த அரை மணியில் பத்துப் பேரும் புறப்பட்ட இடத்துக்கு ஒன்றாக வந்து சேர்வார்கள். யாருக்கு என்ன வேகம் என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அந்த விசில்தான் கியூபிட்டுக்குக் கொடுக்கும் 180 டிகிரி துடிப்பு (pulse). அணுக்கருக்களின் ஸ்பின்னில் இந்த எதிரொலியை எர்வின் ஹான் 1950-ல் காட்டினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுத்தவர்கள் பலர் உடம்பிலும் இதே வித்தை நடந்திருக்கிறது. (காதைப் பிளந்த டக்டக் சத்தம் துடிப்பு அல்ல, அது காந்தச் சுருள்களின் உதறல்.)

நடுவில் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டால் கணக்குப் போச்சு. அதனால் அவர் கடையைப் பார்ப்பதற்குள் அடுத்த விசில். வரிசையாகத் துடிப்பு கொடுக்கும் முறையைக் காரும் பர்செலும் 1954-ல் சொன்னார்கள். அதைக் கியூபிட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் வயோலாவும் லாயிடும், 1998-ல். இடைவெளியைச் சமமாக வைக்காதே, இரண்டு ஓரங்களிலும் நெருக்கமாக வை என்றார் உஹ்ரிக், 2007-ல். புனே ஐசர் குழு 2011-ல் இந்த முறையில் அணுக்கரு ஸ்பின்களின் பின்னலைக் கூடுதல் நேரம் காப்பாற்றிக் காட்டியது. ஆனால் உஹ்ரிக் முறை எல்லா இரைச்சலுக்கும் சரிப்படாது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சட்டென்று அற்றுப்போகும் இரைச்சலுக்குத்தான் அது கெட்டி. மெதுவாக இழுத்துக்கொண்டே போகும் இரைச்சலுக்குப் பழைய சம இடைவெளியே மேல்.

அப்படியானால் விசிலை ஊதிக்கொண்டே இருக்கலாமே என்று ஆசைப்படாதீர்கள். நம்மில் பலர் தப்பு செய்யும் இடம் இதுதான். 180 என்று சொல்லி 179 டிகிரி திருப்பினால், ஒரே அச்சில் நூறாவது துடிப்பில் பிசகு 100 டிகிரி. காவலுக்கு வைத்தவனே திருடன் ஆகிறான். எக்ஸ், ஒய் அச்சுகளில் மாற்றி மாற்றிக் கொடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. கலைந்த கட்டத்தைத் திருப்பலாம். ஆற்றலையே கொட்டிவிட்டுக் கீழே விழுந்த கியூபிட்டை இந்தத் துடிப்பு தூக்காது. கட்டம் எத்தனை காலம் தாங்கினாலும், ஆற்றல் தாங்கும் காலத்தின் இரு மடங்கைத் தாண்டாது. மீக்கடத்திச் சிப் என்றால் 10–20 மில்லிகெல்வின் குளிரும் வேண்டும். மலைமழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் எந்தத் துடிப்பும் உதவாது. ஆகவே துடிப்பு வாங்கும் முன், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வையுங்கள்.