கேஸ்திரிக் என்று யார் சொன்னது?

யோங் பெங்கிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வயிற்றைப் பற்றியவை. ஆகவே இந்த வாரம் முழுக்க வயிறுதான்.

கேள்வி: ஐயா, மூன்று வருடமாக எனக்குக் கேஸ்திரிக். சாப்பிட்ட கையோடு மேல்வயிறு கனத்துப் போகும், ஏப்பம், எரிச்சல். லாரியில் ஈனோவும் வெள்ளை மருந்தும் எப்போதும் இருக்கும். நிரந்தரத் தீர்வு உண்டா?
– லாரி ஓட்டுநர், யோங் பெங்

பதில்: உண்டு, அண்ணே. ஆனால் கேஸ்திரிக் என்று உங்களிடம் சொன்னது யார்? டாக்டரா, பார்மசிக்காரரா, பக்கத்து லாரிக்காரரா?

மேல்வயிற்றுத் தொல்லைக்குப் பின்னால் இரைப்பைப் புண் இருக்கலாம், ஒரு கிருமி இருக்கலாம், பித்தப்பைக் கல் இருக்கலாம். மூட்டுவலி மாத்திரையின் வேலையாக இருக்கலாம். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் வயிற்றைப் புரட்டும். அபூர்வமாகப் புற்றுநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஈனோ இவற்றில் எதையும் குணப்படுத்தாது. இருக்கிற அமிலத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அடக்கும், அவ்வளவுதான். அதில் சோடியம் வேறு நிறைய. உங்களுக்கு இரத்த அழுத்தம் இருந்தால் தினமும் குடிப்பது கெடுதல்.

லீவு நாளில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். நம் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். “கேஸ்திரிக்” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். வலி வெறும் வயிற்றில் வருகிறதா, சாப்பிட்ட பிறகா, நடு இரவில் எழுப்புகிறதா, எடை குறைந்ததா, பக்கத்து வீட்டில் வாங்கியது உட்பட என்னென்ன மாத்திரை விழுங்குகிறீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். டாக்டருக்குப் பாதி வழி அங்கேயே தெரிந்துவிடும்.

உங்களுக்குத் துணைக்கு ஆள் நிறைய உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, நம் நாட்டின் கிராமப்புறத்தில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கும், நகரத்தில் நான்கு பேரில் ஒருவருக்கும் இந்தத் தொல்லை இருந்தது.

கேள்வி: எந்த அறிகுறி வந்தால் இனியும் தள்ளிப்போடக் கூடாது?
– இல்லத்தரசி, ஆயர் ஈத்தாம்

பதில்: காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குவது, விடாத வாந்தி, இரத்தச் சோகை, இரத்த உறவில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கோப் (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்த்தாக வேண்டும். மலம் தார்போலக் கறுத்து ஒட்டினாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதைச் சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.) வயதும் ஒரு கணக்கு. அமெரிக்க, கனடிய வழிகாட்டி 60 வயதைக் கோடாக வைக்கிறது. நம் வட்டாரத்தில் பல மருத்துவர்கள் அதற்கு முன்பே, 45, 50 வயதிலேயே ஸ்கோப் பார்த்துவிடுகிறார்கள். எனக்கு அதுவே சரியென்று படுகிறது. யோங் பெங்கில் இருப்பவர்கள் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பத்து பகாட் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைக்கோ குளுவாங் மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கும். தூரத்தைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: வயிற்றில் கிருமி என்கிறார்கள். அமிலத்தில் கிருமி எப்படி உயிர் வாழும்? இந்தியர்களுக்குத்தான் அதிகம் என்பதும் உண்மையா?
– கல்லூரி மாணவி, குளுவாங்

பதில்: வாழாது என்றுதான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறு மருத்துவர் இரைப்பைச் சதைத் துணுக்குகளில் சுருண்ட கிருமிகளைப் பார்த்தார். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்துகொண்டார். புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று உறுதியாக இருந்தவர்கள் இவர்களை நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. ஸ்கோப் பார்த்தால் இரைப்பை அழன்று போயிருந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிதான் ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு வாழ்கிறது.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆம். மலேசியாவில் இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. கிளந்தான், உலகிலேயே இந்தக் கிருமி மிகக் குறைவாக உள்ள இடங்களில் ஒன்று. ஒரே காற்று, ஒரே மழை, ஒரே சந்தை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய நம் பாட்டன் பாட்டிமார் வயிற்றிலேயே கொண்டுவந்தார்கள். தோட்டத்து லயத்தில், ஒரு வீட்டில் எட்டுப் பேர், ஒரே தட்டில் பிசைந்த சோறு, ஒரே செம்பில் தண்ணீர் என்று அது அடுத்த தலைமுறைக்கு இறங்கியது. 2009-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வில், மலேசிய இந்தியர்களின் கிருமியும் இந்தியாவில் உள்ள கிருமியும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. மலாய்க்காரர்களிடம் கிடைத்தவற்றில் பலவும் அதே கிளைதான். அவர்களுக்கு அது அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இது யார் மேலும் பழி போடுவதற்கு அல்ல. தமிழர் ஒருவர் நாள்பட்ட வயிற்றுத் தொல்லையோடு உட்கார்ந்தால், கிருமி இருக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்பதற்கு. ஆகவே “டாக்டர், எனக்கு எச். பைலோரி டெஸ்ட் பார்த்தீர்களா?” என்று வாய் திறந்து கேளுங்கள். கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வராது. புற்றுநோய் வருவது மிகச் சிலருக்கே. கிருமி நிறைய இருந்தும் நம்மவரிடம் அந்தப் புற்றுநோய் சீனர்களை விடக் குறைவு. இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒழித்துவிடுவதுதான் நல்லது.

கேள்வி: ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தேன். கிருமி இல்லை என்று வந்தது. ஓமப்பிராஸோல் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் போனேன். பரவாயில்லையா?
– தொழிற்சாலை ஊழியர், பத்து பகாட்

பதில்: மறுபடியும் ஊதுங்கள். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஓமப்பிராஸோல் வகை மாத்திரை கிருமியைக் கொல்லாமல் அடக்கி வைக்கும். டெஸ்டில் அது ஒளிந்துகொள்ளும். அந்த மாத்திரையை 2 வாரம், ஆன்டிபயாட்டிக்கை 4 வாரம் நிறுத்தியிருந்தால்தான் முடிவை நம்பலாம். இரத்தத்தை மெல்லியதாக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஓமப்பிராஸோலை நிறுத்தக் கூடாது. இடையில் எரிச்சல் வந்தால் கேவிஸ்கான் போன்றது போதும். மல டெஸ்டுக்கும் இதே விதிதான்.

கேள்வி: கிருமிக்கு 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே வலி போய்விட்டது. வாயெல்லாம் கசக்கிறது. நிறுத்திவிடவா?
– தையல்காரர், சிகாமட்

பதில்: வேண்டாம். வலி போனதால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. பாதியில் விட்டால் பிழைத்த கிருமிக்கு அடுத்த முறை அதே மருந்து எடுபடாமல் போகலாம். கசப்பு அந்த மாத்திரைகளில் ஒன்றான கிளாரித்ரோமைசினால் வருவது, மாத்திரை முடிந்தால் போய்விடும்.

கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் இன்றே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை சிதையலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கிளாரித்ரோமைசின் முடியும் வரை சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வைப்பதுதான் வழக்கம். மருந்து முடிந்து 4 வாரம் கழித்து இன்னொரு முறை ஊதிப் பார்த்துக் கிருமி ஒழிந்ததை உறுதிசெய்துகொள்ளுங்கள். நம்மில் பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி டெஸ்டைத்தான்.

கேள்வி: நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து வலிக்கிறது. ஒரு வருடமாக இப்படி. ஸ்கோப் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறதாம். கிருமியும் இல்லை. இப்போது மனநோய்க்குத் தரும் அமிட்ரிப்டிலின் எழுதித் தந்திருக்கிறார்கள். வலியை நான் கற்பனை செய்கிறேன் என்று நினைக்கிறார்களா?
– பள்ளி ஆசிரியை, லாபிஸ்

பதில்: இல்லை, டீச்சர். உங்கள் வலி உண்மையானது. யாராவது உங்களிடம் “எல்லாம் நார்மல், ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பியிருந்தால், அது அரைகுறைப் பதில்.

ஸ்கோப் கண்ணுக்குத் தெரிவதைக் காட்டும். புண், கட்டி, வீக்கம். இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. சோறு இறங்கும்போது இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது தளர்வதில்லை. நாலு வாயில் நிறைந்துவிடும். சிலருக்கு உணவு கீழே இறங்கத் தாமதமாகிறது. இன்னும் சிலருக்கு இரைப்பை நரம்புகள் கூர்ந்துபோய்விடுகின்றன. ரேடியோவில் பாட்டு அதேதான், சத்தத்தை யாரோ கூட்டி வைத்துவிட்டார்கள். இதற்குச் செயல்பாட்டு அஜீரணம் என்று பெயர். 2016-இல் வகுத்த ரோம் விதிகளின்படி, தொல்லை ஆரம்பித்து 6 மாதமாவது ஆகி, கடைசி 3 மாதமும் நீடித்து, ஸ்கோப்பில் காரணம் எதுவும் தெரியாவிட்டால் இதுதான் நோய். அஜீரணத்துக்கு ஸ்கோப் பார்க்கும் பெரும்பான்மையோர் இந்த வகைதான்.

வைத்தியம் படிப்படியாகப் போகும். முதலில் கிருமி டெஸ்ட், அடுத்து ஓமப்பிராஸோல் வகை மாத்திரை 4 முதல் 8 வாரம். அதற்கும் மசியாவிட்டால் அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். வயிற்றுக்கு இரவில் 10, 25 என்று ஆரம்பிப்பார்கள். உங்கள் சீட்டில் எத்தனை என்று பாருங்கள். இது வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவில் ஓடும் வலிச் செய்தியைத் தணிக்கிற வேலை. வாய் உலரும், தூக்கம் வரும், மலம் இறுகலாம். இதயத் துடிப்புக் கோளாறோ கண் அழுத்த நோயோ இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். உணவு இறங்க உதவும் டோம்பெரிடோன் போன்ற மருந்துகளும் உண்டு. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது.

பள்ளியில் பத்து மணி இடைவேளை வரை வெறும் வயிற்றோடு நின்றுவிட்டு மொத்தத்தையும் மதியம் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை மாற்றுங்கள். காலையில் கொஞ்சமாவது பசியாறிவிட்டு, பகலைச் சின்னச் சின்ன சாப்பாடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். நாசி லெமாக் காலையில் தொந்தரவு செய்வது அதனால்தான். மனக்கவலை இருந்தால் அதற்கும் உதவி தேடுங்கள். அந்த நரம்புகளுக்கு அது உண்மையிலேயே ஆறுதல் தரும்.

கேள்வி: சம்பலை அடியோடு விட வேண்டுமா?
– மாமாக் கடை வாடிக்கையாளர், யோங் பெங்

பதில்: சாப்பிட்டால் எரிகிறதென்றால் குறையுங்கள், எரியவில்லை என்றால் பயந்து விட வேண்டாம். மிளகாய் புண்ணை உண்டாக்காது. 2002-இல் இத்தாலியின் போலோக்னாவில், செயல்பாட்டு அஜீரணம் உள்ளவர்களுக்குத் தினமும் இரண்டரை கிராம் மிளகாய்த் தூளை ஐந்து வாரம் மாத்திரைக் குப்பியில் அடைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது. 30 பேர் அளவிலான சின்ன ஆய்வு அது, ஆகவே வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

கேள்வி: யோங் பெங் மீன் உருண்டை?
– அதே வாடிக்கையாளர்

பதில்: தாராளமாக. பொரித்ததை விட்டு, ஃபூச்சௌக் கடை சூப்பில் மிதக்கிறதைச் சாப்பிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. முப்பது வருடம் பால் மரம் வெட்டிய முட்டி. பாசார் மாலாமில் வாங்கிய உருண்டை மருந்தில் முட்டிவலி மாயமாகப் போய்விட்டது. இப்போது வயிறு எரிகிறது, முகமும் உப்பியிருக்கிறது.
– மகன், பாரிட் சூலோங்

பதில்: தம்பி, இந்த வாரத்துக் கேள்விகளில் என்னைப் பதற வைத்தது உங்களுடையதுதான். பதிவு செய்யாத நாட்டு மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் வலி மாத்திரைகளையும் கலந்து விற்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி மாயமாகப் போவதும் முகம் உப்புவதும் அதற்கு அடையாளம். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் புண் விழுந்து இரத்தம் கசியலாம். வயதானவர்களுக்கு வலியே தெரியாமலும் கசியும்.

நாளைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், மருந்துப் புட்டியையும் கையில் கொண்டு போங்கள். நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில் அதைத் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்கு ஆபத்து வரலாம். எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்லட்டும். இனி எந்த நாட்டு மருந்து வாங்கினாலும் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்மசியில் எளிதாகக் கிடைக்கும் போன்ஸ்டான் வலி மாத்திரையும் இந்த வயதில் வயிற்றைப் பதம் பார்க்கும்.

கேள்வி: அப்பாவுக்கு இரவில் மேல்வயிறு இறுக்கும், வியர்த்துக் கொட்டும். ‘வாயு’ என்று கோடாலித் தைலம் தேய்த்துவிடுகிறோம். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். சர்க்கரை உண்டு.
– மகள், யோங் பெங்

பதில்: தைலத்தை வையுங்கள், அம்மா. சர்க்கரை உள்ளவருக்கு மேல்வயிறு இறுகி வியர்த்துக் கொட்டினால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது இதயம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் அடங்கியது தைலத்தாலும் இருக்காது. நாளைக் காலையிலேயே கூட்டிப் போய் ஈசிஜி எடுங்கள். அதற்கு முன்பே மறுபடி வந்தால் 999. உங்கள் காரிலேயே கொண்டுபோய்விடலாம் என்று புறப்படாதீர்கள்.

கேள்வி: ஓமப்பிராஸோல் வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடுமா?
– ஓய்வுபெற்ற கிராணி, சாஆ

பதில்: பெரும்பாலானோருக்குப் போகாது. ஆனால் காரணம் முடிந்த பிறகும் பழக்கத்தில் விழுங்குவது தேவையற்றது. எதற்காக ஆரம்பித்தீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். குறைக்கலாமா, தேவைப்படும் அன்று மட்டும் சாப்பிடலாமா என்று அவர் முடிவு செய்வார். சாப்பிடும் வரை, பசியாற அரை மணி நேரம் முன்பு விழுங்குங்கள். சோற்றுக்குப் பிறகு விழுங்கினால் பலன் குறையும்.

கேள்வி: முதல் கேள்வி கேட்ட அதே லாரி ஓட்டுநர்தான். ஸ்கோப் எழுதினால், காலையில் முடித்துவிட்டு மத்தியானம் ஜொகூர் பாருவுக்கு லோடு ஏற்றிப் போகலாமா?
– யோங் பெங்

பதில்: தூங்க வைக்கும் ஊசி போட்டால் மறுநாள் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. எழுந்து தெளிவாகப் பேசுவீர்கள், ஆனால் கண்ணும் கையும் ஒத்துழைக்காது. திரும்பக் கூட்டிப் போக வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள், எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி வேண்டாம், தொண்டைக்கு மரமரப்பு மருந்து அடித்தால் போதும் என்றும் சொல்லலாம். குழாய் சுண்டுவிரல் கனம்தான், பத்து நிமிட வேலை. குமட்டும், ஆனால் தாங்கலாம். தொண்டை மரமரப்பு முழுதும் போகும் வரை கோப்பி குடிக்காதீர்கள், புரையேறும்.