பஸ்ஸில் போய் மலை ஏறுவது எப்படி?

இலங்கையின் ஊவா மாகாணத்தில் மலை ஏற ஆசைப்படுகிறவர் முதலில் பஸ் ஏறப் பழக வேண்டும். பதுளைப் பட்டணம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் நமுனுகுலை உச்சி 2,036 மீற்றர். இடைப்பட்ட உயரத்தில் கணிசமான பகுதியை, ஒரு காலை மிதிபலகையிலும் மற்றக் காலை யாருடையதென்று தெரியாத செருப்பின் மேலும் வைத்தே கடந்துவிடலாம். மலையேறும் கழகங்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்துக்கு வந்ததும் "எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கேட்காதீர்கள். தனியார் பஸ் கொண்டக்டரிடம் அதற்கு ஒரே பதில்தான்: "இந்தா போகுது, ஏறுங்க அண்ணே." அவர் வாக்கைக் காப்பாற்ற பஸ்ஸும் உறுமிக்கொண்டு ஒரு முழம் முன்னே வரும், பிறகு ஒரு முழம் பின்னே போகும். சீட் நிரம்பி, நடுவழி நிரம்பி, கொண்டக்டருக்கே உள்ளே இடமில்லை என்றான பிறகுதான் பிரயாணம். ஹாலி-எல தாண்டியதும் பின்னால் இன்னொரு பஸ் கண்ணாடியில் தெரிந்துவிட்டால், காத்திருந்த நேரம் முழுவதையும் அடுத்த நாலு முடக்கில் டிரைவர் மீட்டுத் தருவார். அரசாங்கத்தின் இ.போ.ச. சிவப்பு பஸ் அப்படியில்லை. வந்தால் வரும். ஆனாலும் தோட்டத்துக் குழி ரோட்டுகளில் இலாபம் பார்க்காமல் ஓடுவது பெரும்பாலும் அதுதான். அதைத் திட்டும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தித் திட்டவும்.

முதுகுப் பையை மாட்டியபடி உள்ளே நின்று திரும்பாதீர்கள். சந்தைக்குப் போய் வரும் அக்கா ஒருவரின் லீக்ஸ் கட்டு முறியும். எஞ்சின் மூடியின் மேல் வைக்கச் சொல்வார்கள், வையுங்கள். உள்ளே சோற்றுப் பொட்டலம் இருந்தால் உச்சியில் சுடச்சுடச் சாப்பிடலாம். சொக்லட் இருந்தால் குடிக்கலாம். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டவே வேண்டாம். மிச்சக் காசை டிக்கட்டின் பின்னால் எழுதித் தந்துவிடுவார்கள். இறங்கும் நெரிசலில் அதை அறவிடுவது தனியொரு மலையேற்றம்.

இனி பாதைகள். புதியவர்கள் லிப்டன் சீட்டில் தொடங்கட்டும். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குப் போகும் பஸ் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் இறக்கிவிடும். தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கியது 1890இல். தொழிற்சாலையிலிருந்து தேயிலைக்கு நடுவே ஏழு கிலோமீற்றர் அளவு வளைந்து வளைந்து ஏறினால், அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் வரும். கூடையோடு தினமும் ஏறி இறங்கியவர்கள் எத்தனையோ தலைமுறை; மலைக்கு நிலைத்ததோ உட்கார்ந்தவர் பெயர். இப்போது அவர் சிலையும் அங்கே உட்கார்ந்தேதான் இருக்கிறது. மேலே நின்றால் எத்தனை மாகாணம் தெரியும் என்பதில் ஓட்டோக்காரருக்கும் தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் உடன்பாடில்லை. பத்து மணிக்கு மேல் போனால் அந்த வழக்கு தீர்ந்துவிடும். மூட்டத்தில் ஒரு மாகாணமும் தெரியாது.

வழி கேட்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். "இன்னும் எவ்வளவு தூரம்க்கா?" என்று கேட்டால், "இந்தா இருக்கு தம்பி, ரெண்டு முடக்கு" என்று பதில் வரும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. கொழுந்துச் சாக்கைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு ஓடுகிறவருக்கு அது கிட்டத்தான். உங்களுக்கு இரண்டு மணித்தியாலம். "கொஞ்சம் தூரந்தான்" என்று யாராவது சொல்லிவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி பஸ் ஏறுங்கள். "குறுக்கால போங்க, கிட்ட" என்பது இன்னும் ஆபத்து. கானுக்குள் இறங்கி, கல்லுப்படி ஏறி, லயத்துக் கோடியில் மாரியம்மன் கோவிலைச் சுற்றி, நாய் ஒன்றின் விசாரணைக்குப் பதில் சொல்லி, மூச்சு வாங்கி நிற்கும்போது வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் நாலுபேர் ஹலோ சொல்லி உங்களைத் தாண்டிப் போவார்கள். அவர்களுக்கு அது பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும் வழி.

இரண்டு கையிலும் கோல் ஊன்றி நடக்கிறவர்கள் விளக்கம் சொல்லத் தயாராக இருக்கவும். தோட்டத்தில் கோல் என்றால் மட்டக்கம்பு. கொழுந்து மட்டம் பார்க்கத் தேயிலைச் செடியின் மேல் போடுவது. "ரெண்டு மட்டக்கம்பு எதுக்குங்கய்யா?" என்று கேட்பார்கள். "நடக்க" என்று சொல்லுங்கள். "வேலைக்கா?" என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பொருத்தமான பதில் இதுவரை யாரிடமும் இல்லை.

கொழுந்து பறிக்கிறவரைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு, சுருக்கமாக எடுங்கள். கூடையைத் தூக்கி, சிரித்து, கொழுந்தை வாயருகே பிடித்து நிற்கச் சொல்லி வேலை நேரத்தைத் தின்றால், அந்தியில் நிறுவையில் கிலோ குறையும். குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். உங்கள் ஒரு படத்துக்காகக் கொழுந்து பறித்தவர் அரை நாள் சம்பளத்தை இழக்கக் கூடாது.

காட்டு மிருகங்களைப் பற்றிக் கேட்பீர்கள். சிறுத்தை உங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். அஞ்ச வேண்டியது குளவிக்கு. கொழுந்து பறிக்கிறவர்களைக் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதுதான். கூட்டைக் கண்டால் கல் எறியாதீர்கள், கூச்சல் போடாதீர்கள், வாசனைத் தைலத்தைக் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் போதும்.

சிரமமில்லாமல் காட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால் அப்புத்தளையில் தங்கமலைச் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய அடிசம் பங்களாவை 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டினார். இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்கிறார்கள், ஜாமும் விற்கிறார்கள். துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் பதுளையிலிருந்து மகியங்கனை ரோட்டில் ஐந்து கிலோமீற்றர் பஸ். உங்கள் கையிலிருப்பதைக் குரங்கிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தால் 64 மீற்றர் நீர் விழுவதைப் பார்க்கலாம். ஹோர்ட்டன் சமவெளி வாசலுக்கு பஸ்ஸை நம்ப வேண்டாம். ஒஹியவில் ரயிலை விட்டிறங்கி மேலே நடக்க வேண்டும். சமவெளியிலுள்ள "உலக முடிவு" செங்குத்துக்குப் போய்ச் சேருமுன், பாதி பேர் அந்த நடையிலேயே உலக முடிவைக் கண்டுவிடுகிறார்கள்.

பெரிய ஆட்களுக்கு இப்போது பெக்கோ ட்ரெயில் என்ற நெடுநடைப் பாதை வந்திருக்கிறது. மிகேல் குனாட் என்ற ஸ்பெயின்காரர் யோசித்து, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உதவி செய்து உருவானது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, அப்புத்தளை, எல்ல என்று ஊவாவைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். நல்ல காரியம்; வழிகாட்டிக்கும் கடைக்கும் தங்குமிடத்துக்கும் நாலு காசு வரும். பாதையில் பெரும்பகுதி ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்காக வெட்டியது, பலகைதான் புதிது. வெட்டியவர்கள் இங்கு வந்து சேர்ந்ததே ஒரு நடைதான்: மன்னார்ப் பக்கம் தோணியில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை, அப்புறம் மலை. அந்தப் பாதைக்கும் கட்டங்கள் இருந்தன. கொலராவும் பசியும் எந்தக் கட்டத்தில் யாரை நிறுத்தின என்று பலகை ஒன்றும் இல்லை. பஸ் வசதியும் அப்போது கிடையாது.

காலம் பார்த்து வாருங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுவதும் அப்போதுதான். ஒக்டோபர் பிறந்தால் மழை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எழும்பிப் போகக் காணிதான் கொடுக்கப்படவில்லை. ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மஞ்சளோ சிவப்போ எந்த நிறத்தில் மண்சரிவு எச்சரிக்கை போட்டாலும், நடையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுங்கள். உங்களால் தள்ள முடியும்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே மூன்று பேரிடம் கேட்டு, மூன்று நேரமும் வாங்கி, மிக முந்தியதை நம்புங்கள். தவறிவிட்டால் ஓட்டோ, அந்த நேரத்து வாடகை கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படும். பஸ் கிடைத்து சீட்டும் கிடைத்துவிட்டால் யன்னல் ஓரத்தைப் பிடிக்காதீர்கள். அந்த இடம் பண்டாரவளைக்கு முன்னாலேயே முகம் வெளிறிவிட்ட யாராவது ஒருவருக்குத் தேவைப்படும். அவருக்கு நேர் பின்னாலுள்ள யன்னலையும் பிடிக்காதீர்கள்.