அம்மாவின் நகை யாருக்கு?

கேள்வி: உயில் எழுதாமல் மறைந்த தாயின் நகைகள் மகள்களுக்கு மட்டுமே உரியவையா?

பதில்: பெண் அணிந்த நகை பெண்ணுக்கே என்பது வழக்கம், ஆனால் சட்டம் காதையும் கழுத்தையும் பார்த்துப் பங்கு பிரிப்பதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, தம் சொத்து யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிவைக்கும் ஆவணமாகிய உயில் இல்லாதபோது, தாயின் உடைமைகள் கணவருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். வங்கிப் பெட்டகத்துக்குப் பெயர் குறிக்கப்பட்ட நியமனதாரர், பொருளை வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே அன்றி, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆகவே எல்லோர் முன்னிலையிலும் நகைகளைப் பட்டியலிட்டு, எடையும் மதிப்பும் குறித்து, முறைவைத்துத் தேர்ந்தெடுத்து, ஏற்படும் வேறுபாட்டைப் பணத்தால் ஈடுசெய்து, உடன்பாட்டை எழுதிக் கையொப்பமிடுவதே நல்வழி. சேதாரம் நகைக்கு இருக்கலாம். உடன்பிறப்புக்கு இருக்கக் கூடாது.